தடுப்பூசியும் காய்ச்சல் மருந்தும்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை இரவு. இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பி, விளக்கை அணைக்கும் நேரத்தில் தொலைபேசி அழைத்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பேசினார். குரலில் பதற்றம். “ஹஜ்ரத், பிள்ளைக்கு இன்னைக்கு ஊசி போட்டோம். காய்ச்சல் மருந்தும் கொடுத்தாச்சு. அளவு கூடிப் போச்சோன்னு பயமா இருக்கு. யாரைக் கேக்கிறதுன்னு தெரியல” என்றார்.

அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு அப்போது பத்து வாரம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு அழைத்து வந்திருக்கிறார்கள். மாலையில் உடம்பு சுட்டது. பிள்ளையின் நன்னி, மூத்த பேரனுக்கு மருத்துவர் சொன்ன அளவை மறக்காமல் வைத்திருந்தார். “ரெண்டரை எம்எல் கொடுக்கணும்” என்றார். அதே அளவைக் கொடுத்துவிட்டார்கள். நன்னியின் நினைவு சரிதான். ஆனால் மூத்தவனுக்குக் கொடுத்தது சிரப். இம்முறை மருந்துக் கடையில் வாங்கி வந்ததோ டிராப்ஸ். இரண்டும் ஒரே மருந்து, ஆனால் டிராப்ஸில் மருந்தின் செறிவு நான்கு மடங்குக்கும் அதிகம். இரவில் அடுத்த வேளை மருந்துக்காகப் பாட்டிலை எடுத்தபோதுதான் தாயின் கண்ணில் அந்தச் சிறிய எழுத்து பட்டிருக்கிறது.

நம் பள்ளிவாசல் வளாகத்தில் இலவச முகாம் நடத்தும் குழந்தை மருத்துவரின் எண் நம்மிடம் இருந்தது. உடனே அவரிடம் பேச வைத்தோம். பிள்ளையை அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. “ஒரு வேளையோடு நின்றதால் தப்பித்தோம். அதே அளவை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தால் கல்லீரல் கெட்டுப் போயிருக்கும்” என்றார் மருத்துவர்.

நாம் மருத்துவர் அல்லர். மதரஸாவிலும் பிறகு கல்லூரியில் கலைப் பிரிவிலும் படித்தவர். எனினும், இப்படியான கேள்விகள் நம்மிடம் வந்துகொண்டே இருக்கின்றன. எனவே மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, வீட்டில் உள்ளவர்களுக்குப் பயன்படும் விதத்தில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஊசிக்குப் பின் காய்ச்சல் ஏன் வருகிறது?

தடுப்பூசி என்பது நோய்க்கிருமியின் செயலிழந்த அல்லது பலவீனமாக்கப்பட்ட ஒரு பகுதியை உடலுக்கு அறிமுகம் செய்வது. உடல் அதை அந்நியன் என்று அறிந்து எதிர்ப்புச் சக்தியைத் திரட்டுகிறது. அந்த வேலை நடக்கும்போது உடல் சூடாகலாம். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கி வலிக்கலாம். குழந்தை சிணுங்கலாம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூங்கலாம். பெரும்பாலும் இவை ஓரிரு நாட்களில் தானே அடங்கிவிடும்.

6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் மற்றும் நிமோனியா ஆகியவற்றிலிருந்து பாதுகாக்கிறது. இந்த ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் அநேகமாக அன்றோ மறுநாளோ வரும்.

ஆனால் 9 மாதம் நிறைந்ததும் போடப்படும் தட்டம்மை – ரூபெல்லா ஊசி வேறு விதமானது. அதனால் வரும் காய்ச்சல் பொதுவாக ஒரு வாரம் கழித்து, அதாவது 6 முதல் 12 நாட்களுக்குள் தலைகாட்டும். லேசான தடிப்பும் சேர்ந்து வரலாம். இது தெரியாததால் பலர் ஊசி போட்ட அன்றே மருந்து கொடுத்துவிட்டு, பத்தாம் நாள் வரும் காய்ச்சலுக்குக் காரணம் புரியாமல் திகைக்கிறார்கள்.

முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா?

“எப்படியும் காய்ச்சல் வரத்தானே போகிறது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு வேளை கொடுத்துவிட்டால் என்ன?” என்று கேட்கும் தாய்மார்கள் அதிகம். பிள்ளையின் மீதுள்ள பாசத்தில் எழும் கேள்விதான் இது. இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பதில்: வேண்டாம்.

காரணம் உண்டு. செக் நாட்டில் 459 கைக்குழந்தைகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு, காய்ச்சல் வருமுன்பே தொடங்கி முதல் 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத பிரிவில் 100க்கு 66 குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. கொடுத்த பிரிவில் 42 பேருக்கு. ஆக, காய்ச்சல் குறைந்தது உண்மை. ஆனால் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில், பல நோய்களுக்கு எதிராக உருவான எதிர்ப்புச் சக்தியின் அளவும் குறைந்திருந்தது. கடுமையான காய்ச்சலோ இரு பிரிவிலுமே அரிதாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, “சென்ற முறை கொடுத்துவிட்டோமே, ஊசி வீணாகிவிட்டதா?” என்று யாரும் கலங்க வேண்டாம். அக்குழந்தைகளிலும் பெரும்பாலோருக்குப் பாதுகாப்புக்குத் தேவையான அளவு எதிர்ப்புச் சக்தி இருக்கவே செய்தது. ஆனாலும் பெரும் பயனில்லாத ஒன்றுக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக்கொள்வானேன்? உலக சுகாதார நிறுவனமும் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலில், ஊசிக்கு முன்போ ஊசி போடும் நேரத்திலோ வலி மருந்தை வாய்வழியே கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. முன்கூட்டியே கொடுப்பதால் காய்ச்சல் வலிப்பைத் தடுக்க முடியும் என்பதும் நிரூபணமாகவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டனில் 2015 முதல் கைக்குழந்தைகளுக்கு மெனிஞ்சைட்டிஸ் பி ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியை மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடும்போது காய்ச்சல் அதிகம் வருவதால், அங்கே ஊசி போட்டவுடன் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். லண்டனிலோ பர்மிங்காமிலோ இருக்கும் மகள், “இங்கே உடனே கொடுக்கச் சொல்றாங்க” என்று சொன்னால் அது அந்த ஊசிக்கு உரிய அறிவுரை. அதைக் கேட்டு இங்குள்ள பிள்ளைக்கும் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

எப்போது கொடுப்பது?

காய்ச்சல் வந்து, அதனால் குழந்தை அவதிப்படும்போது கொடுக்க வேண்டும். அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி எல்லா வீடுகளிலும் இருப்பது நல்லது. 100.4 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் என்று கொள்ளலாம். உடம்பு லேசாகச் சுடுகிறது, ஆனால் பிள்ளை பால் குடிக்கிறது, சிரிக்கிறது என்றால் அவசரமாக மருந்தைத் தேட வேண்டாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும், வலியால் தொடர்ந்து அழுதால் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுப்பது?

குழந்தைகளுக்கு மருந்தின் அளவை நிர்ணயிப்பது எடை. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரு வேளைகளுக்கிடையே 6 மணி நேர இடைவெளி விடுவது பாதுகாப்பானது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

மேலே சொன்ன பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். அதன் எடை 5 கிலோ. ஒரு வேளைக்கு 50 முதல் 75 மில்லிகிராம் போதும்.

கடையில் கிடைக்கும் குழந்தைகளுக்கான டிராப்ஸில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து இருக்கும். எனவே அந்தப் பிள்ளைக்கு அரை முதல் முக்கால் மி.லி. மட்டுமே.

120 என்று குறிப்பிடப்படும் சிரப்பில் 5 மி.லி.யில்தான் 120 மி.கி. இருக்கும். இதில் இரண்டரை மி.லி. என்றால் 60 மி.கி. சரியான அளவு.

250 என்று குறிப்பிடப்படும் சிரப் பெரிய பிள்ளைகளுக்கானது. இதில் அதே இரண்டரை மி.லி.யில் 125 மி.கி. வந்துவிடும்.

டிராப்ஸில் இரண்டரை மி.லி. கொடுத்தால்? 250 மி.கி. அந்த வீட்டில் நடந்தது இதுதான். தேவைக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே, “எத்தனை எம்எல்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். “எந்த மருந்தில், எத்தனை எம்எல்?” என்று கேளுங்கள். ஊசி போடும் செவிலியரிடமே பிள்ளையின் அன்றைய எடையையும், அதற்குரிய அளவையும் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரச் சொல்லலாம். மூத்த பிள்ளைக்கு எழுதிய பழைய சீட்டை இளைய பிள்ளைக்குப் பயன்படுத்தாதீர்கள். டிராப்ஸுக்கு அதனுடன் வரும் துளிக்குழாயையும், சிரப்புக்கு அதனுடன் வரும் அளவு மூடியையும் பயன்படுத்துங்கள். ஒன்றினுடையதை மற்றொன்றுக்கு மாற்ற வேண்டாம். சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். அதை அளவாகக் கொள்ள முடியாது. கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்தால், தாய் ஒரு வேளை, அவருக்குத் தெரியாமல் நன்னி ஒரு வேளை என்று இருமுறை கொடுப்பது நிகழாது.

கொடுக்கக் கூடாதவை

கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதாலேயே எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஆகும் என்று பொருளல்ல.

ஆஸ்பிரின்: குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் காய்ச்சலுக்காக இதைக் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் என்ற ஆபத்தான பாதிப்பு அரிதாக ஏற்படலாம்.

நிமெசுலைடு: 12 வயதுக்குக் குறைந்தோருக்கு இதைக் கொடுப்பதை இந்திய அரசு 2011ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் மற்றும் இவற்றுடன் பாராசிட்டமால் கலந்து வரும் சிரப்புகள்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் மழைக்காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஊசிக் காய்ச்சல் என்று நாம் நினைப்பது டெங்குவாக இருந்துவிட்டால், இபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பாராசிட்டமால் ஒன்றே அங்கு ஏற்றது.

பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, உத்தேசமாகப் பொடித்துக் கொடுப்பதும் தவறு. 650 மி.கி. மாத்திரையின் கால் பங்கே 160 மி.கி.யைத் தாண்டும்.

மருந்தில்லாத ஆறுதல்

ஊசி போடும்போது குழந்தை தாயின் மடியில் இருக்கட்டும். அப்போது பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுப் பரிந்துரைக்கிறது. வீட்டுக்கு வந்த பின் ஊசி போட்ட இடத்தில் சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து வைக்கலாம். தேய்ப்பதும், சூடு ஒற்றுவதும், எண்ணெய், மஞ்சள், தைலம் பூசுவதும் வேண்டாம். காய்ச்சல் உள்ள பிள்ளையைக் கம்பளியில் சுற்றாமல் மெல்லிய ஆடை அணிவித்து, அடிக்கடி பால் கொடுங்கள்.

பிறந்தவுடன் இடது கையில் போடப்படும் பி.சி.ஜி. ஊசி சில வாரங்கள் கழித்துச் சிறு கட்டியாகி, உடைந்து, ஆறித் தழும்பாகும். அது இயல்பு. அதற்கு மருந்தும் தேவையில்லை, களிம்பும் தேவையில்லை.

பெரியவர்களுக்கு

ஹஜ் செல்வோருக்கு மெனிஞ்சைட்டிஸ் ஊசி கட்டாயம். சவூதி சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும். மூத்தவர்கள் இன்ஃபுளுவென்சா ஊசியும் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி போட்ட மறுநாள் கைவலி, உடல்வலி, லேசான காய்ச்சல் வரலாம். இங்கும் அதே விதிதான்: முன்கூட்டியே மாத்திரை வேண்டாம், வலித்தால், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.க்கு மேல் எடுக்கக் கூடாது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டோலோ, கால்பால், க்ரோசின் என்று பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான். சளி, தலைவலிக்கென விற்கும் பல மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என எடுத்துக்கொண்டால், தெரியாமலேயே ஒரே மருந்தை மூன்று முறை விழுங்கியவர்களாவோம். அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

சிறுநீரக நோய், வயிற்றுப்புண், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. ஹஜ் பயணத்துக்கென்று இவற்றை மூட்டுவலிக்காக அட்டை அட்டையாக எடுத்துச் செல்வோரை நாம் பார்த்திருக்கிறோம். மக்காவின் வெயிலில் வியர்த்து, உடலில் நீர் குறைந்திருக்கும்போது இம்மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

இன்னொன்று: இதயத்துக்காக மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன குறைந்த அளவு ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை ஆகியவற்றை ஊசிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போடுபவரிடம் சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும்.

கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் டி.டி. ஊசிக்குப் பின் காய்ச்சலோ வலியோ வந்தால் பாராசிட்டமால் எடுக்கலாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். குறிப்பாகக் கர்ப்பத்தின் பிற்பாதியில் அவை கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும்.

நோன்பு நாட்களில்

ரமளானில் இக்கேள்வி நம்மிடம் தவறாமல் வருகிறது. தசையிலோ தோலுக்கு அடியிலோ போடப்படும், உணவாக அமையாத ஊசியால் நோன்பு முறியாது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானமும் இதுவே. ஆனால் வாய்வழியே விழுங்கும் மாத்திரை நோன்பை முறிக்கும். எனவே வாய்ப்புள்ளவர்கள் இஃப்தாருக்குப் பின் ஊசி போட்டுக்கொண்டால், தேவைப்பட்டால் இரவிலேயே மருந்து எடுக்க வசதியாக இருக்கும். பகலில் போட்டவர்கள், தாங்கக்கூடிய வலியானால் இஃப்தார் வரை பொறுத்திருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பகலில் கடுமையான காய்ச்சல் வந்து உடல் தாங்காவிட்டால் வீம்பாகப் பொறுத்திருக்கத் தேவையில்லை. நோயாளிக்கு நோன்பை விட்டுவிட்டு வேறொரு நாளில் நோற்றுக்கொள்ளும் சலுகையைக் குர்ஆனே (2:185) வழங்கியிருக்கிறது. நோன்பு நாட்களில் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை இன்னும் கவனமாகத் தவிர்க்க வேண்டும். வெறும் வயிற்றுக்கும், பகல் முழுதும் தண்ணீர் இல்லாத சிறுநீரகத்துக்கும் அவை நல்லதல்ல.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். எனவே அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் மூச்சுத்திணறல், முகம் அல்லது உதடு வீக்கம், வலிப்பு, துவண்டு போதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், பால் குடிக்க மறுப்பது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, 102 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், இரண்டு நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஊசிதான் காரணம் என்று நாமாக முடிவு செய்யாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிட வேண்டும்.

மருந்தின் அளவு கூடிவிட்டது என்று தெரிந்தாலும் அவ்வாறே. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகிய எண்கள் இரவிலும் இயங்குகின்றன.

அடுத்த ஊசியை நிறுத்தாதீர்கள்

அந்த இளைஞரின் வீட்டில் அன்றைய சம்பவத்துக்குப் பிறகு, “இனி ஊசியே வேண்டாம்” என்று பேச்சு எழுந்தது. நன்னி தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுதுகொண்டிருந்தார். நாம் போய்ப் பார்த்தோம். உங்கள் நினைவில் குற்றமில்லை, பாட்டில்தான் மாறிவிட்டது என்று அவருக்கு எடுத்துச் சொன்னோம். ஊசியால் வந்த காய்ச்சல் ஒரு நாளில் போய்விட்டது. ஆபத்தாக வந்தது அளவு தவறிய மருந்து. அதற்காக ஊசியை நிறுத்தினால், கக்குவானும் தொண்டை அடைப்பானும் பிள்ளைக்கு வர வழி திறந்துவிடுவதாகும். ஒரு தவணையோடு பாதுகாப்பு முழுமை பெறுவதில்லை. முந்தைய ஊசிக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது அடுத்த தவணையை நிறுத்தக் காரணமாகாது. வலிப்பு, கடும் ஒவ்வாமை போன்றவை வந்திருந்தால் மட்டும் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பதினான்காம் வார ஊசிக்கு நன்னியே பிள்ளையைத் தூக்கிச் சென்றார். செவிலியரிடம் எடையைக் கேட்டு, “டிராப்ஸா சிரப்பா, எத்தனை எம்எல்” என்று அட்டையில் எழுதி வாங்கி வந்தார். அன்று மாலை பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. மருந்துப் பாட்டிலைத் திறக்கவே தேவைப்படவில்லை என்று மறுநாள் அந்த இளைஞர் சொன்னார்.

நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.